ஓட்டர் பேயின் மாதாந்திர அறிக்கை

லாரமி, வயோமிங்
8 பிப்ரவரி 1993

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

இன்று பகல் பன்னிரண்டு இருபதுக்கு, மூன்று மணி நேர விவாதத்துக்குப் பிறகு, நான்குக்கு மூன்று என்ற வாக்குகளில், ஸ்கிரிப்ட்டின் முதல் வரி முடிவு செய்யப்பட்டது. தலைவர் மெரில் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். பின்னால் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். தோற்ற மூவரும் கைகுலுக்காமல் சாப்பிடப் போனார்கள். மீதி நானூற்றுப் பதினோரு வரிகளை நான் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்பது எதிர்ப்பின்றி நிறைவேறியது.

நீ இந்தக் குழுவில் உட்காராத பாக்கியசாலி என்பதால் விவரம் சொல்கிறேன். நம் கூட்டமைப்பில் பதினான்கு கரையோர நிலையங்கள். அவற்றில் ஐந்து கம்பெனிகள் விற்ற ஐந்து விதமான கணினி இயந்திரங்கள். ஐந்திலும் இருப்பது ஒரே யூனிக்ஸ்தான் என்று ஐந்து கம்பெனிகளும் சத்தியம் செய்கின்றன. மாதாமாதம் நாங்கள் அனுப்பும் டேப்பில் அலைக் கணிப்பு நிரலும் புதிய கடல் ஆழ அட்டவணைகளும் வரும். அவற்றை இயந்திரத்தில் ஏற்றி ஓட வைக்கும் ஸ்கிரிப்ட்டை இதுவரை அவரவர் எழுதிக்கொண்டீர்கள். இனி எல்லோருக்கும் ஒரே ஸ்கிரிப்ட். அதை எந்த ஷெல்லிடம், அதாவது கட்டளைகளை வரி வரியாகப் படித்துச் செய்கிற எந்த நிரலிடம், கொடுத்துப் படிக்கச் சொல்வது என்பதுதான் முதல் வரிச் சண்டை. எல்லா இயந்திரங்களிலும் இருக்கும் சாதா ஷெல் ஜெயித்தது. அந்தப் பெயரில் எல்லா இயந்திரங்களிலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் ஒரே ஆள் இல்லை என்பது மட்டும் குறிப்பேட்டில் ஏறவில்லை.

உன்னைப் பாதிக்கிற விதி ஒன்று. தொடர்ந்து இரண்டு மாதம் ஸ்கிரிப்ட் ஓடாத நிலையம் பட்டியலிலிருந்து போகும். அதன் பிறகு டேப் வராது. கூட்டத்தில் எங்கள் குழுவின் குர்ட் சொன்னான்: "அலாஸ்காவுல இருக்கிற அந்தப் பெட்டிய மியூசியத்துக்குக் குடுத்துடலாம். கூடவே அத ஓட்டுற ஆளையும்." ஓட்டுகிற ஆள் என் தம்பி என்று பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னதும், ஆளைப் பற்றிய பகுதியை மட்டும் வாபஸ் வாங்கினான்.

உன் பெட்டியின் ஜோடி லாரமியில் ஒன்று இருந்தது. போன வருடம் எடைக்குப் போட்டுவிட்டோம். ஆகவே பழைய ஷெல்லில் சோதித்துச் சொல்ல உலகத்தில் எனக்கு நீ ஒருவன்தான். எது உடைந்தாலும் அப்படியே எழுது.

நான் சுகம். முழங்கால் மட்டும் பனியைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறது. உன் இருமல் நின்றதா? டாக்டரிடம் காட்டினாயா? இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

உன் அக்கா,
கொரின்


ஓட்டர் பே, அலூஷியன் தீவுகள்
27 பிப்ரவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் டேப்பும் ஒரே விமானத்தில் வந்தன. விமானம் ஒன்பது நாள் தாமதம். முதல் வரியைப் பயபக்தியோடு படித்தேன்.

இங்கே முப்பத்தொரு படகுகள். காட் மீன் பருவம். காலை ஆறு மணிக்கு என் கணிப்பைத் துறைமுக ரேடியோவில் அகஃபியா வாசிப்பாள். நான் எழுதிக் கொடுப்பது நான்கு வரி. அவள் வாசிப்பது பத்து நிமிடம். "நீரிணையில அலை ஏழு அடி. ரோலண்டு, உங்க பம்ப் இன்னும் சரியாகல, எனக்குத் தெரியும், வீட்ல இருங்க." அவளிடம் ஒன்றைச் சொன்னால் முப்பத்தொரு படகுக்கும் சொன்ன மாதிரி. திறமையான பெண். இந்தத் தீவிலேயே பிறந்தவள். நீரிணையின் மணல்திட்டு எந்த வருடம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று வரிசையாகச் சொல்வாள். ஆனால் பொய் என்பது அவளுக்குக் கட்டோடு வராது.

பிப்ரவரி அறிக்கை: பிழையின்றி ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஸ்கிரிப்ட்டோடு இருந்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். இருமல் நின்றுவிட்டது.

உன் முழங்காலுக்கு என் மரியாதையைச் சொல்.

அன்புடன்,
வெண்டல்


லாரமி
22 மார்ச் 1993

அன்புள்ள தம்பி,

உன் ஒற்றை வரி அறிக்கையைக் குழுவில் நானே எழுந்து நின்று படித்தேன். ஓரிகன் நிலையத்தில் உடைந்தது. மெய்ன் நிலையத்திலும் உடைந்தது. "வரியை முடிக்காமல் நில்" என்பதற்கு நான் எழுதிய குறியை, மெய்னின் இயந்திரம் ஒரு வார்த்தை என்று நினைத்துத் திரையில் எழுபது முறை அச்சடித்துக் காட்டியிருக்கிறது. நேற்று வாங்கிய இயந்திரங்கள் தடுக்கி விழ, உன் பெட்டி நடந்து போயிருக்கிறது. 

சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்று. மெய்னும் நீயும் ஷெல்லில் பங்காளிகள். அங்கே அச்சான குறி உன் திரையில் வரவில்லையா? ஓடி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது? நாற்பது நிமிடத்து வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எதற்கு?

ஃபோனில் கேட்கலாம். ஃபோனில் நீ தந்தி மாதிரி பேசுவாய், அதற்கு இதுவே மேல்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? டப்பா பீச் பழம் சாப்பாட்டில் சேராது.

உன் அக்கா,
கொரின்


ஓட்டர் பே
19 ஏப்ரல் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஹாலிபட் மீன் தினமும் கிடைக்கிறது. பீச் பழம் அதற்குத் தொட்டுக்கொள்ள.

எவ்வளவு நேரம் என்று கேட்டாய். காபி இரண்டு தடவை.

போன செவ்வாய் நான் பதினான்கு அடி என்று எழுதிக் கொடுத்தேன். ரோலண்டு மூன்று தலைமுறைப் படகுக்காரன். துறைமுக அலுவலகத்துக்கே வந்துவிட்டான். "லாரமியில உக்காந்திருக்கிறவங்களுக்குக் கடல் எந்தப் பக்கம்னாவது தெரியுமாய்யா?" என்றான். மேற்கு என்று ஒரு உத்தேசம் வைத்திருக்கிறார்கள் என்றேன். அன்று அவன் போகவில்லை. சாயங்காலம் நீரிணையில் பதினைந்து அடி அடித்தது. மறுநாள் என் கதவில் இரண்டு நண்டு தொங்கியது. சீட்டு எதுவும் இல்லை.

அதனால் சொல்கிறேன், டேப் வந்துகொண்டே இருக்கட்டும். எங்களுக்கு அடுத்துள்ள கோடியாக் நிலையத்தின் கணிப்பில் எங்கள் நீரிணை ஒரு புள்ளிகூடக் கிடையாது. என் பெட்டி போனால் இவர்களுக்கு மிஞ்சுவது ரோலண்டின் மூட்டுவலிதான்.

மார்ச், ஏப்ரல் அறிக்கை: பிழையின்றி ஓடியது.

இடது கை சில நாள் என்னைவிட முன்னால் தூங்கிவிடுகிறது. வயது.

அன்புடன்,
வெண்டல்


லாரமி
14 ஜூன் 1993

அன்புள்ள தம்பி,

நீ இப்போது ஒரு ஆதாரம். நேற்றுக் குழு நிறைவேற்றிய தீர்மானத்தின் ஏழாம் பத்தி: "கூட்டமைப்பின் ஆகப் பழைய இயந்திரமான ஓட்டர் பேயில் ஸ்கிரிப்ட் மூன்று மாதங்களாகப் பிழையின்றி ஓடுவதால், அங்கே ஓடுவது எங்கும் ஓடும் என்று கொள்ளப்படும்." உனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வரும். சட்டம் உண்டு, கண்ணாடி கிடையாது.

இதன் விளைவு எனக்குப் பிடிக்கவில்லை. பழைய ஷெல்லுக்காக நான் சுற்றி வளைத்து எழுதிய இடங்களையெல்லாம் குர்ட் நேர்ப்படுத்திக்கொண்டிருக்கிறான். "இல்லை என்றால்" என்பதற்கு ஒரு ஆச்சரியக்குறி போதும் என்கிறான். பழைய அட்டவணையும் புதியதும் ஒன்று 'இல்லை' என்றால் புதியதை வை: ஒரே வரி. பழைய ஷெல்லுக்கு அந்தக் குறி தெரியாதே என்றேன். "போன வருஷமே ஷெல்லுக்கு ஸ்டாண்டர்டு வந்தாச்சு, கொரின். ஓட்டர் பேல உடைஞ்சா உங்க தம்பி சொல்லமாட்டாரா?" என்றான்.  சொல்வாய் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஜூன் டேப்பில் அது இருக்கிறது. பார்த்து எழுது.

கை தூங்குவது வயதால் அல்ல. டாக்டரிடம் போ.

உன் அக்கா,
கொரின்


ஓட்டர் பே
30 ஆகஸ்ட் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். மூடுபனி, விமானம் இல்லை. பிறகு விமானம் வந்தது, நான் எழுதவில்லை.

மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட்: பிழையின்றி ஓடியது.

சான்றிதழ் வந்தது. சமையலறையில் ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே மாட்டினேன்.

அக்டோபர் கடைசியில் ஆங்கரேஜ் போகிறேன். ஒரு சோதனை. ஒரு வாரம். நவம்பர் டேப் வருவதற்குள் திரும்பிவிடுவேன். அதுவரை அகஃபியா தினக் கணிப்பை ஓட்டிக்கொள்வாள். எதைத் தட்டுவது, எதை அழுத்துவது என்று ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறேன். "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான் என்றேன்.

உன்னை நினைத்துக்கொள்கிறேன். முழங்காலையும்.

அன்புடன்,
வெண்டல்


லாரமி
20 செப்டம்பர் 1993

அன்புள்ள தம்பி,

சோதனை எதற்கு? அதை மட்டும் நீ எழுதவில்லை.

நவம்பர் டேப் சாதாரணமானது இல்லை. கோடையில் உங்கள் நீரிணையைப் புதிதாக அளந்திருக்கிறார்கள். மணல்திட்டு வாய்ப்பக்கம் நானூறு கஜம் நகர்ந்துவிட்டது. தென்மேற்குக் காற்றில் பழைய அட்டவணை ஒன்பது என்று சொல்லும் இடத்தில் இருபது அடி எழும்பும். நவம்பர் ஐந்துக்குள் எல்லா நிலையங்களும் ஏற்றியாக வேண்டும் என்று மெரில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார். நீ திரும்பத் தாமதமானாலும் அகஃபியா ஏற்றிவிடட்டும். ஸ்கிரிப்ட்தான் உங்கள் ஊரில் தானாக ஓடுகிறதே.

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்று தெரியவில்லை. அடிக்காமல் விடுகிறேன்.

ஆங்கரேஜில் எந்த ஆஸ்பத்திரி என்று எழுது.

உன் அக்கா,
கொரின்


துறைமுக அலுவலகம், ஓட்டர் பே
15 நவம்பர் 1993

கொரின் ஹாஸ்கல் அவர்களுக்கு,

வணக்கம். நாம் பேசிக்கொண்டதில்லை. உங்கள் தம்பி உங்களைப் பற்றி நிறையச் சொல்வார், தன்னைப் பற்றித்தான் சொல்லமாட்டார். இதயத்தில் அறுவை என்று ஆங்கரேஜிலிருந்து நர்ஸ் ஃபோன் செய்துதான் எங்களுக்கே தெரியும். பிழைத்துக்கொண்டார். ஆனால் டிசம்பர் வரை விடமாட்டார்களாம்.

டேப் நவம்பர் மூன்றாம் தேதி வந்தது, ஐந்துக்குள் ஏற்ற வேண்டும் என்ற தாளோடு. அவரைக் கேட்க முடியவில்லை, மயக்கத்தில் இருந்தார். அவர் எழுதித் தந்த தாளில் டேப் ஏற்றும் வழியும் இருந்தது, நான்காம் தேதி அதன்படியே ஓட்டினேன். திரையில் வந்ததையெல்லாம் எழுதி வைப்பது என் பழக்கம். "! கிடைக்கவில்லை" என்று பதினேழு முறை வந்தது. ஆனால் நிற்காமல் ஓடி, கடைசியில் "வெற்றிகரமாக முடிந்தது" என்று வந்தது. அவருடைய அறிக்கை நோட்டைப் புரட்டினேன். எல்லா மாதமும் பிழையின்றி ஓடியது என்று இருந்தது. அப்படியானால் இது எப்போதும் வருவதுதான் போலிருக்கிறது என்று நினைத்து நானும் அதையே எழுதி அனுப்பினேன்.

ஒன்பதாம் தேதி காலை நீரிணையில் ஒன்பது அடி என்று வந்தது. வாசித்தேன். ரோலண்டு ரேடியோவில், "ஒம்போதா? நல்லா பாத்துச் சொல்லு அகஃபியா, என் முட்டி வேற சொல்லுது" என்றார். நான், "உங்க முட்டிக்கு லாரமி எவ்வளவோ மேல், போயிட்டு வாங்க" என்றேன். என் நோட்டில் இதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இருபத்திரண்டு அடி. படகு கவிழ்ந்தது, ரோலண்டையும் அவர் மருமகனையும் பின்னால் வந்த படகு தூக்கியது. ரோலண்டின் மகன் ஆன்செல் கிடைக்கவில்லை. மூன்று நாள் தேடினார்கள். இருபத்தாறு வயது.

பன்னிரண்டாம் தேதி உங்கள் ஆபீசிலிருந்து குர்ட் என்று ஒருவர் ஃபோன் செய்தார். "நீங்க எந்தக் கீயத் தப்பா அழுத்துனீங்க?" என்றார். எதையும் இல்லை என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். மூன்று நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். கடையில் ரொட்டி வாங்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஆறு மணிக்கு இன்னும் நான்தான் வாசிக்கிறேன். பதிலுக்கு யாரும் பேசுவதில்லை.

அந்த ஆச்சரியக்குறி எப்போதும் வருவதுதானா? அதை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அகஃபியா கல்யூகின்


லாரமி
24 நவம்பர் 1993

வெண்டல்,

உட்கார்ந்து படிக்க முடிகிறது என்று நர்ஸ் சொன்னதால்தான் இதை அனுப்புகிறேன். வலி எப்படி இருக்கிறது? இதை நான் கடமைக்குக் கேட்கவில்லை.

ஆன்செலைப் பற்றி உனக்குச் சொல்லியிருப்பார்கள்.

அகஃபியா திரையிலிருந்து எழுதி அனுப்பிய பட்டியலை வைத்துக்கொண்டு ஜூனிலிருந்து எல்லா டேப்பையும் பிரித்துப் பார்த்தேன். உன் ஷெல்லுக்கு 'இல்லை' என்ற குறி தெரியாது. அதை ஒரு நிரலின் பெயர் என்று நினைத்துத் தேடும், கிடைக்காது, கேள்விக்கே பதில் பொய் என்று எடுத்துக்கொண்டு அந்த வேலையைத் தாண்டிப் போய்விடும். புதிய அட்டவணை டேப்பிலிருந்து இறங்கி ஓரமாக உட்கார்ந்திருக்க, பழையதே ஓடும். நவம்பர் நான்கில் நடந்தது இதுதான். ஆனால் ஜூனிலும் இதே வரி இருந்தது. ஜூலையிலும். அக்டோபர் வரை உன் கணிப்பு ஒவ்வொரு மாதமும் புதிய அட்டவணையிலிருந்துதான் வந்திருக்கிறது, எண்களைச் சரிபார்த்துவிட்டேன். அது முடியாத காரியம். நீ என்ன செய்தாய்?

விபத்தைப் பற்றிக் குழுவின் வரைவு அறிக்கை தயாராகிவிட்டது. "ஒன்பது மாதம் பிழையின்றி ஓடிய ஸ்கிரிப்ட், பயிற்சியற்ற மாற்று ஊழியர் கையில் தவறியது." அகஃபியாவின் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. டிசம்பர் பத்தாம் தேதி வாக்கெடுப்பு.

மார்ச்சில் எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். காபி என்றாய். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. உன் ஒற்றை வரி எனக்குத் தோதாக இருந்தது.

கொரின்


ஆங்கரேஜ்
1 டிசம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

வலி குறைவு. தையல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

முதல் மாதமே ஓடவில்லை. பதினோரு இடத்தில் உடைந்தது. சாயங்காலம்வரை உட்கார்ந்து கையால் திருத்தினேன். பிறகு ஓடியது. திருத்திய பிறகு பிழையின்றித்தான் ஓடியது. அந்த வாக்கியத்தின் முன்பாதியை எழுதவில்லை. எழுதியிருந்தால் மார்ச்சிலும் உடையும், இரண்டாகிவிடும், டேப் நின்றுவிடும். குர்ட் கையைத் தட்டுவான், நீ எழுந்து நின்று என் தோல்வியைப் படிப்பாய். அடுத்த மாதம் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் பத்தொன்பது இடம். நீங்கள் எனக்குச் சான்றிதழ் கொடுத்த மாதம் முப்பத்தொன்று. அக்டோபரில் நாற்பத்தாறு. என் ஒவ்வொரு நல்ல அறிக்கைக்கும் குர்ட் நன்றியோடு இன்னும் ஒரு சிக்கலை அனுப்பினான்.

அகஃபியாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் காலை ஆறு மணிக்கு ரேடியோவில் வந்துவிடும், யாராவது உங்களுக்கும் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். அவள் எதையும் தப்பாக அழுத்தவில்லை. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அழுத்தினாள். ரோலண்டுக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். பதில் வராது.

நாற்பத்தாறு திருத்தங்களின் பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். எல்லாம் சின்னது. 'இல்லை என்றால்' என்பதை 'ஒன்றாக இருந்தால் சும்மா இரு, மற்றபடி வை' என்று திருப்பிப் போட்டால் எங்கள் ஷெல்லுக்கும் புரியும், மற்ற எல்லாவற்றுக்கும் புரியும். உனக்கு ஒரு மதியத்து வேலை. அதற்குப் பிறகு ஸ்கிரிப்ட் நிஜமாகவே எங்கும் ஓடும்.

இந்தக் கடிதத்தைக் குழுவில் படி. முழுவதும் படி.

வெண்டல்


லாரமி
11 டிசம்பர் 1993

அன்புள்ள தம்பிக்கு,

முழுவதும் படித்தேன். முதல் வரியைப் போலவே மூன்று மணி நேரம் ஆனது.

அகஃபியாவின் பெயர் அறிக்கையின் இரண்டு இடங்களிலிருந்தும் நீக்கப்பட்டது. ஒருமனதாக. அவளுக்கு நேற்றே தந்தி கொடுத்துவிட்டேன். அறிக்கையின் அந்த இடங்களில் இப்போது உன் பெயர் இருக்கிறது. உன் ஓய்வூதியத்தைத் தொடமாட்டார்கள் என்று மெரில் சொன்னார். வேலைக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

குர்ட்டின் வரியைப் பற்றியும் ஏழாம் பத்தியைப் பற்றியும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன். வழிமொழிய ஆள் கிடைக்கவில்லை.

பிறகு உன் பட்டியலைக் கையில் எடுத்தேன். ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். இருபத்திரண்டாவதில் குர்ட் கையைத் தூக்கினான். கேலியாகப் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.  "ஒரே ஒரு மிஷினுக்காக நாப்பத்தாறு எடத்துல கை வைக்கணும். நாளைக்கு வேற ஒண்ணு உடைஞ்சா அப்பவும் ஒருத்தர் சாகணுமா? என்னால முடியாது, கொரின்" என்றான். பத்து மாதத்தில் ஒரு மாதம்கூட ஓட்டர் பேயில் ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்பதற்கு இப்போது எழுத்து மூலமான ஆதாரம் இருக்கிறது என்றார் மெரில். விதி இரண்டு மாதம் என்று சொல்கிறது. அந்த ஆதாரத்தைப் படித்துக் காட்டியது நான்தான்.

ஓட்டர் பேயைப் பட்டியலிலிருந்து நீக்க ஐந்துக்கு இரண்டு. என்னோடு கை தூக்கியவர் உன் பெட்டியின் ஜோடியை எடைக்குப் போட்டவர். ஜனவரி முதல் உங்கள் ஊருக்கு டேப் கிடையாது.

பதினேழாம் தேதி ஆங்கரேஜ் வருகிறேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். கம்பளிச் சட்டை கொண்டுவருகிறேன். வேறு என்ன வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லி வை.

உன் அக்கா,
கொரின்

பி.கு.: குறிப்பேட்டில் கடைசியாக எழுதியது: டிசம்பர் 10 நிலவரப்படி, பட்டியலில் உள்ள எல்லா நிலையங்களிலும் ஸ்கிரிப்ட் ஓடுகிறது.